கணினியில் பேசும்போது குரல் ஏன் வெட்டுகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மகள் ரொறன்ரோவில் இருக்கிறார், மகன் அபுதாபியில் இருக்கிறார், துணைவியாரின் தமக்கை இலண்டனில் ஒரு வீட்டுத் தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். கைத்தொலைபேசியைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுவது அவருக்கும் துணைவியாருக்கும் இயலாமற் போனதால், வீட்டிலுள்ள மேசைக் கணினியில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். குரல் வெட்டி வெட்டி வருகிறது. மகளுக்கோ தான் பேசுவதே திரும்பக் கேட்கிறதாம். கூடிய வேகமுள்ள இணையப் பக்கேஜுக்கு மாறியும் ஒரு வித்தியாசமும் இல்லை. இனி என்ன வாங்க வேண்டும், ஸ்கைப் இல்லாமற் போன பின்னர் எதில் பேச வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, முதலாவதாக, பக்கேஜை இனியும் கூட்டிவிடாதீர்கள். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இருபது வருடங்களாகக் கணினியும் வலையமைப்பும் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: குரல் வெட்டுகிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் வேகம் போதாமல் இருந்த வீடுகள் மிகக் குறைவு. குற்றம் பெரும்பாலும் ஒலிவாங்கிக்கும் ரவுட்டருக்கும் இடையில், அதாவது உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே இருக்கும். அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவு, ஒரு மாதப் பக்கேஜுக்குக் கூடுதலாகக் கட்டிய பணத்தை விடப் பெரிதாக இருக்காது.

குரலுக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பழைய தொலைபேசித் தரத்தையொட்டிய ஜி.711 என்ற முறையில் உங்கள் குரல் நொடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்டில் எழுதப்படுவதால் நொடிக்கு 64 கிலோபிட் ஆகிறது. அதை 20 மில்லிசெக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் போய்ச் சேர வேண்டிய இடம், வரிசை எண் முதலிய விவரங்கள் அடங்கிய 40 பைட்டை ஒட்டி அனுப்பும்போது 80 கிலோபிட் வரும். இன்று பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற முறை, 2012 இல் தரப்படுத்தப்பட்டது. அது இதில் பாதியளவிலேயே பழைய தொலைபேசியை விடத் தெளிவான குரலைத் தந்துவிடும். அப்படியானால் 20 மெகாபிட் பக்கேஜில் ஒரு பக்கக் குரல் எடுத்துக்கொள்வது ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு மணித்தியாலம் பேசினால், போவதும் வருவதுமாக ஏறக்குறைய 40 மெகாபைட் டேட்டா செலவாகும். பழைய முறையில் 70 சொச்சம். முகம் பார்த்துப் பேசினால்தான் கணக்கு மாறுகிறது: இரு பக்கமும் நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் படம் ஓடினால், அதே ஒரு மணித்தியாலத்துக்கு 900 மெகாபைட் போய்விடும்.

அப்படியென்றால் யூரியூப் தடங்கலின்றி ஓடும் அதே இணைப்பில் பேச்சு மட்டும் ஏன் சிதறுகிறது என்று கேட்பீர்கள். படம் பார்க்கும்போது அடுத்து வரவேண்டிய அரை நிமிடத்தைக் கணினி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் மீண்டும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளவும் அதற்கு நேரம் இருக்கிறது. மகள் இன்னும் சொல்லாத சொல்லை முன்கூட்டியே வாங்கி வைக்க எந்தக் கணினியாலும் இயலாது. தொலைந்த துண்டை மீண்டும் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வசனத்துக்குப் போய்விடும். ஆகவே குரல் துண்டுகள் நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில், ஏறக்குறைய சம இடைவெளியில் வந்து சேர வேண்டும். வராத துண்டை விட்டுவிட்டு மேலே போவதுதான் வழி.

கல்லடியில் பழைய இரும்புப் பாலம் ஒன்றே இருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கத்து வாகனங்கள் போகும்வரை மறுபக்கத்து வாகனங்கள் காத்துக்கிடக்கும். களுவாஞ்சிக்குடியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்ட பஸ்கள், பாலத்தடியில் நின்று நின்று, நகரத்துக்குள் மூன்றும் ஒன்றாக நுழையும். அதன் பின்னர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ்ஸும் இராது. பஸ்ஸின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்குதான் குலைந்துபோனது. குரல் துண்டுகளுக்கும் இதுவே நடக்கிறது. இந்தக் குலைவைச் சமாளிக்க ஒவ்வொரு செயலியும் வந்த துண்டுகளைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, வரிசைப்படுத்தி, சம இடைவெளியில் ஒலிக்க விடுகிறது. அந்தக் காத்திருப்பை மீறிப் பிந்தி வரும் துண்டு, வந்தும் வராததற்குச் சமம். நூற்றில் ஒன்றிரண்டு துண்டுகள் இப்படிப் போனால் செயலி பக்கத்து ஒலியை நீட்டி ஒப்பேற்றிவிடும். ஐந்து, பத்து என்று போகும்போதுதான் நீங்கள் சொல்லும் 'வெட்டி வெட்டி' வருகிறது. புதிய பாலம் 2013 இல் திறந்த பின்னர் பஸ்கள் ஒழுங்குக்கு வந்தன. உங்கள் வீட்டில் அந்தப் புதிய பாலம் என்பது ஒரு கேபிள்.

அதற்கு வருமுன், உங்கள் பக்கத்திலேயே இன்று பரிசோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விண்டோஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் எனப்படும் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, பிங் என்பதை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் இலக்கத்தைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளிலும் எழுதியிருப்பார்கள். நான்கு பதில்கள் வரும். இதை ஐந்தாறு தடவை செய்து மில்லிசெக்கன் கணக்கைப் பாருங்கள். அறைக்கும் ரவுட்டருக்கும் இடையில் மட்டும் போய்வரும் செய்தி இது. கொழும்புக்கும் கனடாவுக்கும் இதில் சம்பந்தமில்லை. எண்கள் 2, 3, 2 என்று வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. 3, 180, 5, 240 என்று தாவினால், பேச்சு வெளிவாசலைத் தாண்டுமுன்னரே சிதறிவிட்டது என்று பொருள். இதே சோதனையை 8.8.8.8 என்ற வெளி இலக்கத்துக்கும் செய்யுங்கள். உள்ளே ஒழுங்காகவும் வெளியே தாறுமாறாகவும் இருந்தால் மட்டுமே இணைப்புத் தருபவரிடம் முறைப்பாடு செய்வதில் அர்த்தம் உண்டு.

உள்ளே தாவினால், ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள். 100 மீற்றர் வரை அது குறையின்றிக் கொண்டுபோகும். உங்கள் வீட்டுக்கு 15 மீற்றரே அதிகம். கேபிளில் அதே பிங் ஒரு மில்லிசெக்கனுக்கும் கீழே அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். கேபிள் இழுக்க வழியில்லாத வீடென்றால், ரவுட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் உயரமாக வைத்து, ரவுட்டரிலும் கணினியிலும் வசதி இருந்தால் 5 கிகாஹேட்ஸ் அலைக்கு மாற்றுங்கள். அது சுவரைத் துளைப்பதில் சற்று மெலிந்தது என்றாலும், அயல்வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் வந்து மோதும் 2.4 கிகாஹேட்ஸை விட அமைதியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் பேசும் நேரத்தில் வீட்டில் யாராவது கலியாண வீட்டுப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால், இறக்கும் வேகம் எவ்வளவு இருந்தாலும் ஏற்றும் வழி அடைபட்டுப்போகும். பழைய பாலத்தில் லொறி வரிசைக்குப் பின்னால் நிற்கும் சைக்கிளைப் போல உங்கள் சிறிய குரல் துண்டு காத்துக்கிடக்கும். மகளின் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, உங்கள் குரல் மட்டும் அவருக்கு வெட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இனி ஒலிவாங்கி. இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் எல்லாரும் கடைசியாகப் பார்ப்பது இதைத்தான். மகளுக்குத் தன் குரல் திரும்பக் கேட்கிறது என்றீர்கள். எதிரொலியில் ஒரு விதி உண்டு: யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கத்தில் குற்றம் இராது, மறுபக்கத்தில் இருக்கும். ரொறன்ரோவில் அவர் சொன்ன சொல் உங்கள் மேசையிலுள்ள ஒலிபெருக்கியில் ஒலித்து, உங்கள் ஒலிவாங்கிக்குள் புகுந்து, மீண்டும் அவரிடம் போகிறது. செயலிகள் இதைக் கழித்துவிட முயலும். ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்து, ஒலிவாங்கியை அதன் வாயருகே வைத்தால் அவற்றாலும் முடிவதில்லை. உங்கள் பக்கத்தில் இருவரும் ஹெட்செட் போட்டுக்கொண்ட அந்த நொடியிலேயே மகளின் தொல்லை நின்றுவிடும்.

பௌர்ணமி இரவில் கல்லடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மேல் முனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள். காற்றில் கேட்காத ஒலி மரத்தின் வழியே ஏறி வரும். மேசையின் மேல் நிறுத்தி வைக்கும் ஒலிவாங்கிக்கு உங்கள் மேசையே அந்தத் துடுப்பு: கணினிப் பெட்டிக்குள் சுற்றும் விசிறி, விசைப்பலகையில் படும் விரல், தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் எல்லாம் பலகையின் வழியே ஏறி, குரலை விடப் பெரிதாக மகளுக்குக் கேட்கும். வேறு வழி இல்லாவிட்டால், மடித்த துவாய் ஒன்றை ஒலிவாங்கியின் அடியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். வாய்க்குப் பக்கத்தில், இரண்டு விரல் அகலம் தள்ளி, மூச்சு நேரே படாமல் சற்றுக் கீழே நிற்கும் ஹெட்செட் ஒலிவாங்கி இதற்கெல்லாம் மேலானது.

ஹெட்செட் வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்குங்கள். பழைய மேசைக் கணினியில் பச்சைத் துளை கேட்பதற்கும் இளஞ்சிவப்புத் துளை பேசுவதற்கும் உரியவை. கைத்தொலைபேசிக்கென்று வரும் ஒற்றை முனை ஹெட்செட்டில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அதைப் பச்சைத் துளையில் செருகினால் கேட்கும், பேச முடியாது. இரண்டாகப் பிரிக்கும் சிறிய இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. ஆனாலும் என் தெரிவு யூ.எஸ்.பி. முனையுள்ள ஹெட்செட்தான். அதற்குள்ளேயே ஒலி அட்டை இருப்பதால், கணினியின் மின் இரைச்சல் குரலில் கலப்பது குறையும். உங்கள் துணைவியாரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதால், இரண்டு சாதாரண ஹெட்செட்டுகளை ஒரு பிரிப்பானில் மாட்டுவதும் பிழையில்லை. மாட்டிய பின்னர் விண்டோஸின் ஒலி அமைப்பில் உள்ளீடாக அந்த ஹெட்செட்தான் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்கேமரா செருகியிருந்தால், கணினி பேசாமல் அதன் ஒலிவாங்கியைத் தெரிந்துகொண்டு, மூன்றடி தூரத்திலிருந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடற்கரையோரத்தில் இருக்கும் நமக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்று உண்டு. நாவலடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பேச்சு முழுவதும் பொரியும் சத்தம். வீட்டுக்காரர் மூன்று மாதமாக இணைப்புத் தருபவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஹெட்செட் முனையைக் கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றில் வளையங்களுக்கிடையில் பச்சை பூத்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் நான்கு தடவை தேய்த்ததும் சத்தம் நின்றது. அன்று நான் கூலி வாங்கவில்லை. ஒரு வாளை மீன் தந்துவிட்டார்.

எந்தச் செயலி என்ற கேள்வி இதற்குப் பின்னர்தான் வருகிறது. அதில் பெரிதாக மண்டையை உடைக்க ஒன்றுமில்லை. 2003 இல் வந்த ஸ்கைப்பை மைக்ரோசொஃப்ட் 2025 மே 5 இல் மூடிவிட்டது. மகளோடு பேச வட்ஸ்அப்பே போதும். விண்டோஸுக்கான அதன் செயலியில் 2021 மார்ச் முதல் பேச முடிகிறது. கைத்தொலைபேசியிலுள்ள கணக்கை ஒரு தடவை கணினியோடு இணைத்துவிட்டால், பின்னர் கைத்தொலைபேசி அணைந்திருந்தாலும் பேசலாம். ஆனால் 14 நாட்களுக்கு மேல் அதைத் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால், மகள் அனுப்பும் கூகுள் மீட் இணைப்பை உலாவியில் அழுத்தினாலே போதும். ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்கும் சிறிய பெட்டி வரும்போது மட்டும் 'மறு' என்பதை அழுத்திவிடாதீர்கள். பேச முடியவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை அந்த ஒரு அழுத்தத்தின் விளைவு.

ரொறன்ரோ தூரம் பற்றி ஒரு சொல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். இங்கிருந்து கொழும்பு, மாத்தறைக் கரைகளுக்குப் போய், கடலடிக் கேபிளில் ஏறி, கண்டங்களைச் சுற்றிப் போகும் வழி 20,000 கிலோமீற்றர் என்று வைத்தால், போவதற்கு மட்டும் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஆகவே தூரமே அந்த அளவின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது; வீட்டு வைஃபையில் வீணாக்க நம்மிடம் மீதி அதிகமில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, 'நீங்கள் சொல்லுங்கோ', 'இல்லை அப்பா, நீங்கள் சொல்லுங்கோ' என்று நிற்பதும் இந்தத் தாமதத்தால்தான். அதை எந்த ஹெட்செட்டும் தீர்க்காது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுப்பதே வழி.

அபுதாபி மகனுடைய விடயம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். நேரடி அழைப்பு இயங்காது. அது உங்கள் கணினியின் குற்றம் அல்ல, அந்நாட்டின் ஏற்பாடு. போட்டிம், ஸூம், மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் போன்ற அனுமதிக்கப்பட்டவற்றில் ஒன்றை இரு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஸூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம்தான். முடிந்ததும் மீண்டும் தொடங்கலாம். வேறு நாட்டிலிருந்து இணைவதுபோலக் காட்டும் வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது மகனுக்குச் சொல்லிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைக் குற்றம் செய்யவோ மறைக்கவோ பயன்படுத்துவதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் உண்டு. அந்த வம்பு ஒரு சம்பளக்காரருக்கு எதற்கு?

இலண்டன் தமக்கையாரிடம் இணையம் இல்லை என்பதால், கணினியிலிருந்து புறப்படும் குரல் எங்காவது ஓர் இடத்தில் தொலைபேசி வலையமைப்புக்குள் இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்குத்தான் காசு. வைபர் அவுட் போன்ற சேவைகளில் வங்கி அட்டையால் சிறு தொகை போட்டு, 0044 தொடங்கும் இலக்கத்தை அழைக்கலாம். மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தெரியாமல் அழுத்திவிடாதீர்கள். தேவையான அளவு மட்டும் போட்டால் போதும். ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும்: பிரித்தானியாவில் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி இறுதியில் மூடப்போகிறார்கள். இணையம் வேண்டாம் என்றிருக்கும் அந்த அம்மாவின் வீட்டுத் தொலைபேசியும் அதற்குள் ரவுட்டரில் செருகிய இணையத் தொலைபேசி ஆகிவிடக்கூடும்.

இதனோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. வெளிநாட்டு அழைப்புகளை இறக்கித்தர உங்கள் வீட்டில் ஒரு சிறிய பெட்டியை வைக்கிறோம், மாத வாடகை தருகிறோம் என்று யாராவது வந்தால் உள்ளே விடாதீர்கள். பல சிம் அட்டைகளைச் செருகி அனுமதியின்றி அழைப்புகளை மாற்றிவிடும் பெட்டி அது. பொலிஸ் வந்து கதவைத் தட்டுவது பெட்டி இருக்கும் வீட்டில்தான்.

கணினியில் பேச வசதி வந்துவிட்டது என்று வீட்டுத் தொலைபேசியைத் துண்டித்துவிடவும் வேண்டாம். 2018 மார்ச்சில் ஒரு வாரமளவும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அந்த ஏப்ரல் மாத இறுதிவரையும் வட்ஸ்அப், வைபர் உட்படப் பல செயலிகள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புச் செய்தியைக் கேட்டு வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பதறிய அந்த நாட்களில், 065 இல் தொடங்கும் இலக்கங்கள் வேலை செய்தன. 1990 என்ற அம்பியுலன்ஸ் இலக்கத்தையும் 119 என்ற பொலிஸ் இலக்கத்தையும் வட்ஸ்அப்பில் அழைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். செப்புக் கம்பி இணைப்பு என்றால், தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வருவதால் மின்சாரம் போனாலும் இயங்கும். ஃபைபர் இணைப்பென்றால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் சிறிய யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கம் தொடங்கியதும் செப்புக் கம்பியையும் மின் முனையையும் கழற்றிவிடுங்கள்.

ஆக, ஐயா, இன்றிரவு எதையும் வாங்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். இருக்கும் ஏதாவதொரு காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மகளோடு பேசுங்கள், எதிரொலி நிற்கும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த பிங் சோதனையையும் ஓட விட்டு எண்களைக் கடதாசியில் எழுதுங்கள். நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு எழுதிய எண்களும் காலை ஆறு மணிக்கு எழுதிய எண்களும் இருந்தால், கேபிளா ஹெட்செட்டா இணைப்பா என்பதை வீட்டுக்கு வராமலே நான் சொல்லிவிடுவேன். காலை ஆறு மணிக்கு ரொறன்ரோவில் முந்திய நாள் மாலை. கோடையில் எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. மகளும் விழித்திருப்பார்.